பிரிட்டிஷ் டீம் மீட்டிங்கில் வரும் இடியம் (மரபுத்தொடர்) எல்லாம் எப்படித்தான் பிடிபடும்?

கோத்தகிரிப் பொண்ணு:

எல்லோருக்கும் வணக்கம். கோத்தகிரி பக்கம் ஒரு ஹட்டி, அதாவது படுகர் ஊர், எங்களுடையது. கோயம்புத்தூர் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன், கணக்குப் பிரிவு. கிளையண்ட் இங்கிலாந்துக்காரர்கள், வாராவாரம் வீடியோ மீட்டிங் உண்டு.

இங்கிலீஷே வராது என்று இல்லை. வீட்டில் படுகு, வெளியே தமிழ், ஆபீஸில் இங்கிலீஷ் என்று மூன்றிலும் ஓட்டிக்கொண்டுதான் இருக்கிறேன், மெயில் எழுதினால் எங்கள் டீமில் மற்றவர்கள் என்னிடம் கொடுத்துத்தான் திருத்துவார்கள். ஆனால் அந்த மீட்டிங்கில் உட்கார்ந்தால் ஒவ்வொரு வார்த்தையும் புரிகிறது, சொல்ல வருவது என்ன என்பது மட்டும் பிடிபடுவதில்லை. போன மீட்டிங்கில் நோட்டில் குறித்து வைத்தவை இவை: 'நாட் அவுட் ஆஃப் த வுட்ஸ் யெட்', 'ஆன் த பேக் ஃபுட்', 'இட்ஸ் ஆல் கான் பேர் ஷேப்ட்', 'கட் தெம் சம் ஸ்லாக்', அப்புறம் 'எலிஃபண்ட் இன் த ரூம்'. கடைசியைக் கேட்டபோது எங்கள் ஊர் நெட்வொர்க் செய்த வேலை என்றே நினைத்தேன்.

கேட்க வந்தது இதுதான். இதற்கெல்லாம் பஜாரில் விற்கும் 'ஆயிரம் இடியம்' மாதிரி புத்தகம் வாங்கி மனப்பாடம் செய்தால் வேலைக்கு ஆகுமா? நானும் பேசும்போது இவற்றைப் பயன்படுத்த வேண்டுமா, இல்லை புரிந்தால் போதுமா? நடுவில் ஒன்று புரியாமல் போனால் அசட்டுத்தனமாகத் தெரியாமல் எப்படிச் சமாளிப்பது?

கொடை வாத்தியார்:

வாம்மா. கொடைக்கானலில் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன் நான், அதனால் பதில் கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்.

முதலில் அந்தப் புத்தகத்தை வாங்காதே. அதில் அர்த்தம் இருக்கும், ஆனால் யார் யாரிடம் எந்த நேரத்தில் சொல்வார்கள் என்பது இருக்காது. 'கிக் த பக்கெட்' என்றால் இறந்துபோவது என்று ஒரு வரியில் போட்டிருப்பார்கள். என்னிடம் படித்த ஒரு பையன் லீவ் லெட்டரில் 'மை கிராண்ட்ஃபாதர் கிக்ட் த பக்கெட்' என்று எழுதிக்கொண்டு வந்தான். தமிழில் 'எங்கள் தாத்தா மண்டையைப் போட்டுவிட்டார், இரண்டு நாள் விடுப்பு வேண்டும்' என்று எழுதினால் எப்படி இருக்கும், அதே கதைதான். அந்த இடத்தில் 'பாஸ்ட் அவே'தான் வர வேண்டும். அர்த்தம் ஒன்றுதான், மரியாதை வேறு.

உன் நோட்டுக்கு வருகிறேன். 'நாட் அவுட் ஆஃப் த வுட்ஸ் யெட்' என்றால் காட்டை இன்னும் தாண்டவில்லை, நிலைமை முன்னைவிடத் தேவலை, ஆனால் ஆபத்து முழுவதும் நீங்கவில்லை. நோயாளியைப் பற்றி டாக்டரும் சொல்வார், பட்ஜெட்டைப் பற்றி மேனேஜரும் சொல்வார். 'கட் தெம் சம் ஸ்லாக்' ரொம்ப எளிது. ஸ்லாக் என்பது கயிற்றின் தொய்வு. நாம் 'கொஞ்சம் விட்டுப்பிடி' என்கிறோமே, ஏறக்குறைய அதுதான், ரொம்ப இறுக்காதே என்று பொருள். 'பேர் ஷேப்ட்' என்றால் சொதப்பிவிட்டது, திட்டம் போட்ட மாதிரி நடக்கவில்லை. பேரிக்காய் விளைகிற ஊரில் இருந்துகொண்டு அதை ஏன் இப்படிக் கேவலப்படுத்துகிறார்கள் என்று எனக்கு வருத்தம் உண்டு, ஆனால் பிரிட்டனில் இது தினசரிப் பேச்சு.

'பேக் ஃபுட்' உனக்குத் தெரிந்ததுதான், கிரிக்கெட். பந்து எகிறி வரும்போது பேட்ஸ்மேன் பின்னங்காலுக்குப் போய்த் தடுத்து ஆடுகிறான் அல்லவா, அந்த மாதிரி தற்காப்புக்குத் தள்ளப்பட்ட நிலை. இங்கேதான் உனக்கு ஒரு குறுக்குவழி இருக்கிறது. பிரிட்டிஷ்காரர்களின் பேச்சில் கிரிக்கெட் நிறையவே கலந்திருக்கும், நமக்கு அந்த விளையாட்டு தெரியும், பாதி வேலை முடிந்தது. 'ஸ்டம்ப்ட்' என்றால் பதில் தெரியாமல் திகைத்து நிற்பது. 'பௌல்ட் ஓவர்' என்றால் அசந்துபோவது, நல்ல விதத்தில். 'ஆஃப் ஹிஸ் ஓன் பேட்' என்றால் யாரும் சொல்லாமல் தானாகவே முன்வந்து செய்தது. 'ஸ்டிக்கி விக்கெட்' என்றால் இக்கட்டான நிலை. அந்தக் காலத்தில் பிட்சை மூட மாட்டார்கள், மழையில் நனைந்து வெயிலில் காயத் தொடங்கும்போது பந்து எப்படித் திரும்பும், எவ்வளவு எழும்பும் என்று யாராலும் சொல்ல முடியாது. வயதானவர் ஒருவர் காலமானால் 'ஹி ஹேட் எ குட் இன்னிங்ஸ்' என்பார்கள், நிறைவாக வாழ்ந்து போனார் என்று. ஆனால் இதை துக்க வீட்டில் அவர்கள் சொல்லலாம், நாமாகப் போய்ச் சொல்லக் கூடாது.

ஒன்றில் மட்டும் ஏமாந்துவிடாதே. 'த நியூஸ் நாக்ட் மீ ஃபார் சிக்ஸ்' என்று யாராவது சொன்னால் நமக்கு சிக்ஸர் என்றதும் கைதட்டத் தோன்றும். அங்கே சொல்பவர் பேட்ஸ்மேன் இல்லை, அடி வாங்கிய பக்கம். இடி விழுந்த மாதிரி ஆகிவிட்டது என்று அர்த்தம்.

கிளையண்ட் அமெரிக்கர் என்றால் கணக்கே மாறிவிடும், அங்கே பேஸ்பால். 'பால்பார்க் ஃபிகர்' என்றால் உத்தேசத் தொகை, 'கர்வ் பால்' என்றால் எதிர்பாராத சிக்கல், 'டச் பேஸ்' என்றால் சும்மா ஒரு வார்த்தை பேசிக்கொள்வது. இவற்றில் பல இப்போது லண்டன் ஆபீஸ்களிலும் புழங்குகின்றன, அதனால் இரண்டு பக்கமும் காது வைத்துக்கொள். எங்கள் கொடைக்கானலில் முதலில் வந்து பங்களா கட்டியவர்கள் அமெரிக்க மிஷனரிகள், 1845-இல். அவர்கள் பிள்ளைகளுக்காக 1901-இல் தொடங்கிய பள்ளிக்கூடம் இன்றைக்கும் சர்வதேசப் பள்ளியாக நடக்கிறது. உங்கள் ஊட்டியோ பிரிட்டிஷ்காரன் ஊர். ஆகவே இந்த இரண்டு இங்கிலீஷ் தகராறு நம் இரண்டு மலைகளுக்கும் பழசுதான்.

யானையை கூடலூர்க்காரர்கள் யாராவது வந்து பார்த்துக்கொள்ளட்டும்.

கூடலூர்க்காரன்:

வந்தாச்சு வாத்தியாரே. எங்கள் ஊரில் 'எலிஃபண்ட் இன் த ரூம்' என்று சொன்னால் 'எந்த எஸ்டேட் லைன் வீடு, ஃபாரஸ்டுக்குப் போன் பண்ணியாச்சா' என்றுதான் கேட்பார்கள். அரிசி வாசனைக்கு சமையல்கட்டுச் சுவரை முட்டித் தள்ளிவிட்டு நிற்கிற யானையைப் பார்த்தவர்கள் நாங்கள், யாரும் கண்டுகொள்ளாத மாதிரி உட்கார்ந்திருந்ததில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அர்த்தம் என்னவென்றால் எல்லோருக்கும் தெரிந்த ஒரு பெரிய பிரச்சினை, ஆனால் சங்கடமாக இருக்கும் என்று யாரும் வாயைத் திறப்பதில்லை. நம்முடைய 'முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது' இதற்குச் சமம் என்று சிலர் எழுதுவார்கள், எனக்கு அது ஒத்துவரவில்லை. பூசணிக்காயில் ஒருத்தன் மறைக்கிறான், பொய் சொல்கிறான். யானையில் யாரும் பொய் சொல்வதில்லை, எல்லோரும் சேர்ந்து பேசாமல் இருக்கிறார்கள். மீட்டிங்கில் ஒருவர் 'லெட்ஸ் அட்ரஸ் த எலிஃபண்ட் இன் த ரூம்' என்று ஆரம்பித்தால் அடுத்து வருவது ஆள்குறைப்போ, கைவிட்டுப்போன கான்ட்ராக்டோ, அந்த மாதிரி ஒன்றாகத்தான் இருக்கும். நிமிர்ந்து உட்காருங்கள்.

'ஒயிட் எலிஃபண்ட்' வேறு யானை, குழப்பிக்கொள்ள வேண்டாம். அது பராமரிக்கவே சொத்தெல்லாம் கரைந்துபோகிற, ஆனால் உபயோகமில்லாத பொருளுக்கோ கட்டடத்துக்கோ சொல்வது. சயாம் ராஜா தனக்குப் பிடிக்காத ஆளுக்கு வெள்ளை யானையைப் பரிசாகக் கொடுப்பார், புனிதமான யானை என்பதால் அதை வேலை வாங்கவும் முடியாது, விற்கவும் முடியாது, தீனி போட்டே அந்த ஆள் ஓட்டாண்டி ஆகிவிடுவான் என்று ஒரு கதை சொல்வார்கள்.

வெலிங்டன் பழைய சிப்பாய்:

நீலகிரியில் இருந்துகொண்டு இடியம் பற்றிப் பேசுகிறோம், ஆனால் நம் ஊரோடு ஒட்டியதை இன்னும் யாருமே சொல்லவில்லையே. 'வீ ஆர் ஸ்னூக்கர்ட்' என்று உங்கள் இங்கிலாந்து ஆட்கள் என்றைக்காவது சொல்வார்கள். வழி அடைபட்டுப்போச்சு, ஒன்றும் செய்ய முடியாத நிலை என்று அர்த்தம். ஸ்னூக்கர் மேஜையில் அடிக்க வேண்டிய பந்துக்கும் வெள்ளைப் பந்துக்கும் நடுவே வேறொரு பந்து வந்து மறித்துக்கொண்டால் நேராக அடிக்க முடியாது, அதிலிருந்து வந்தது.

அந்த ஆட்டத்துக்கு விதிமுறை எழுதிச் சுவரில் மாட்டியது ஊட்டி கிளப்பில்தான், 1882-இல். நெவில் சேம்பர்லின் என்ற ராணுவ அதிகாரி. பிற்பாடு இங்கிலாந்தில் பிரதமராக இருந்தாரே, அவர் இல்லை, பேர் மட்டும் ஒன்று. ஜபல்பூரில் இருந்தபோது 1875-இல் சும்மா பொழுதுபோக்காக ஆரம்பித்து வைத்தார், ஊட்டிக்கு வந்த பிறகுதான் ஆட்டம் ஒரு ஒழுங்குக்கு வந்தது. ஸ்னூக்கர் என்பது அப்போது ராணுவ அகாடமியில் புதிதாகச் சேர்ந்த கேடட்களைக் கிண்டலாகக் கூப்பிடும் பெயர். ஆட்டத்தில் ஒருத்தர் சுலபமான பந்தை விட்டுவிட, இவர் அவரை 'ஸ்னூக்கர்' என்று சீண்ட, அந்தப் பெயரே ஆட்டத்துக்கு ஒட்டிக்கொண்டது என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை.

இதிலும் வாத்தியார் சொன்ன இரண்டு மலைத் தகராறு உண்டு. அமெரிக்கன் 'ஐ காட் ஸ்னூக்கர்ட்' என்றால் ஏமாந்துபோனேன், எனக்கு எவனோ அல்வா கொடுத்துவிட்டான் என்று அர்த்தம். பிரிட்டிஷ்காரன் சொன்னால் மாட்டிக்கொண்டேன். ஒரே சொல், பாஸ்போர்ட் பார்த்துத்தான் அர்த்தம் எடுக்கணும்.

கல்லட்டி வண்டிக்காரன்:

மனப்பாடம் எதற்குத் தங்கச்சி, கேட்டுவிட வேண்டியதுதான். நான் பத்தாவது பெயில், இத்தனை வருஷமாக டூரிஸ்ட் வண்டி ஓட்டுகிறேன், எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் எல்லாம் பின்சீட்டில் இருந்து வந்ததுதான்.

ஒருமுறை வயசான பிரிட்டிஷ் ஜோடி ஒன்றை ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறக்கிக்கொண்டு போகிறேன். கல்லட்டி தெரியும்தானே, 36 ஹேர்பின், இரண்டாவது கியரைவிட்டுக் கை நகரக் கூடாது. அந்தப் பெரியவர் ஏதோ ஒரு விஷயத்தையே திரும்பத் திரும்பப் பேசிக்கொண்டு வந்தார் போல, அந்த அம்மா கடுப்பாகி 'யூ ஆர் டிரைவிங் மீ ரவுண்ட் த பெண்ட்' என்றார். எனக்குப் பொறுக்கவில்லை. 'மேடம், ஹி இஸ் நாட் டிரைவிங், ஐ ஆம் டிரைவிங்' என்றேன். இரண்டு பேரும் சண்டையை மறந்து சிரித்த சிரிப்பில் வண்டியை ஓரம் கட்ட வேண்டியதாகிவிட்டது. அப்புறம் அந்த அம்மாவே பொறுமையாகச் சொன்னார், பைத்தியம் பிடிக்க வைக்கிறாய் என்று அர்த்தமாம். 'டிரைவிங் மீ அப் த வால்' என்றாலும் அதேதானாம்.

அதிலிருந்து புரியாதது எது வந்தாலும் 'வாட் மீனிங் சார்' என்று கேட்டுவிடுவேன். அவர்களுக்கு அவர்கள் பாஷையைச் சொல்லிக்கொடுப்பதில் அப்படி ஒரு சந்தோஷம். 'கட்டிங் கார்னர்ஸ்' என்றால் செலவையும் நேரத்தையும் மிச்சம் பிடிக்க வேலையில் கை வைப்பது, அரைகுறையாக முடிப்பது. அது அர்த்தம் கேட்காமலேயே எனக்குப் புரிந்தது, வளைவில் கார்னரை வெட்டி ஏறுகிறவன் கதி என்ன என்று தினமும் பார்க்கிறேனே.

கோத்தகிரிப் பொண்ணு:

அண்ணா, சிரித்து முடியவில்லை. ஆனால் வண்டியில் கேட்பது வேறு, எட்டுப் பேர் கேமரா போட்டு உட்கார்ந்திருக்கும்போது 'வாட் மீனிங்' என்று கேட்பது வேறு. நம் பக்க மேனேஜரும் அதில் இருப்பார். 'இவளுக்கு இதுகூடத் தெரியவில்லையா' என்று வந்துவிட்டால் அடுத்த முறை என்னை மீட்டிங்கில் சேர்க்கவே மாட்டார்கள்.

வாத்தியார் சார், கிரிக்கெட் வழி எனக்குப் பிடித்திருக்கிறது, அப்பா நாள் முழுக்க டிவியில் அதைத்தான் பார்ப்பார். இன்னொன்றும் கேட்க வேண்டும். 'நாட் மை கப் ஆஃப் டீ' என்பதை மட்டும் நானும் சொல்லிப் பார்க்கலாமா? தேயிலைக்காரி வாயிலிருந்து வந்தால் பொருத்தமாக இருக்குமே என்று ஒரு ஆசை.

குன்னூர் டு லீட்ஸ்:

தாராளமாகச் சொல்லலாம்மா. நான் குன்னூர், இப்போது லீட்ஸில் நர்ஸ். 'நாட் மை கப் ஆஃப் டீ' எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது என்று நாசூக்காகச் சொல்வது, யாரையும் புண்படுத்தாது, பழையதாகவும் தோன்றாது. 'நாட்' போட்டுச் சொல்வதுதான் அதிகம், அப்படியே வைத்துக்கொள்.

வந்த புதிதில் எனக்கும் உன் நிலைமைதான், அதுவும் இந்த யார்க்ஷயர் பக்கத்துப் பேச்சு தனி ரகம். நோயாளிகள் பெரும்பாலும் எழுபது எண்பது வயதுக்காரர்கள். ஒரு பாட்டி 'ஐ நீட் டு ஸ்பெண்ட் எ பென்னி' என்றால் கடைக்குப் போகவேண்டும் என்று அர்த்தம் இல்லை, பாத்ரூம் போகவேண்டும். முன்பெல்லாம் இங்கே பொதுக் கழிப்பறைக் கதவில் ஒரு பென்னி காசு போட்டால்தான் திறக்கும். அவசரத்தில் இது புரியாவிட்டால் என்ன ஆகும் என்று நீயே யோசித்துக்கொள். 'அண்டர் த வெதர்' என்றால் உடம்பு கொஞ்சம் சரியில்லை, ஊட்டிப் பனிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. 'ரைட் ஆஸ் ரெயின்' என்றால் நன்றாகத் தேறிவிட்டேன். 'ஃபுல் ஆஃப் பீன்ஸ்' என்றால் துள்ளிக்கொண்டு இருக்கிறார், ஆனால் 'ஸ்பில் த பீன்ஸ்' என்றால் ரகசியத்தை உளறிவிடுவது. பீன்ஸ் மூட்டை ஏற்றி அனுப்புகிற ஊரில் பிறந்த எனக்கே இது நியாயமாகப் படவில்லை.

பள்ளிக்கூடத்தில் நமக்கு விழுந்து விழுந்து சொல்லிக்கொடுத்த 'ரெயினிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்' இங்கே என் காதில் விழுவதே அபூர்வம். மழை கொட்டினால் 'போரிங் டவுன்', இந்தப் பக்கம் 'சக்கிங் இட் டவுன்'. அதனால் பழைய பட்டியலில் இருக்கிறது என்பதற்காக எதையும் எடுத்து விடாதே, அவர்கள் வாயிலிருந்து நீ இரண்டு மூன்று முறை கேட்டதை மட்டும் நீ சொல். இந்த ஒன்றை வைத்துக்கொண்டுதான் நான் இங்கே ஓட்டினேன்.

மீட்டிங்கில் புரியாமல் போனால் அந்த வார்த்தையைத் தொடாதே, முடிவைக் கேள். 'ஸோ ஷுட் வீ ஹோல்ட் த பேமெண்ட் டில் ஃப்ரைடே?' மாதிரி. அவர்கள் ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்வார்கள், உனக்கு வேண்டியது அதுதான், பார்க்கிறவர்களுக்கும் பொறுப்பாக விஷயத்தை உறுதி செய்துகொள்கிறாள் என்றுதான் தோன்றும். ஆஸ்பத்திரியில் எங்களுக்கு இதைப் பழக்கமாகவே சொல்லிக்கொடுக்கிறார்கள், கேட்டதை நம் வார்த்தையில் திருப்பிச் சொல்லிச் சரிபார்ப்பது.

அப்புறம் முக்கியமான ஒன்று. இடியம் என்றால் பூனை நாய் யானை என்று பளிச்சென்று இருந்தால் எப்படியும் கண்டுபிடித்துவிடுவாய். சாதாரணமாகக் காதில் விழுவதுதான் ஆபத்து. 'வித் ரெஸ்பெக்ட்' என்று ஆரம்பித்தால் அடுத்து மறுப்பு வருகிறது. 'ஐ ஹியர் வாட் யூ ஆர் சேயிங்' என்றால் கேட்டுக்கொண்டேன், பல நேரம் ஒப்புக்கொள்ளவில்லை என்று அர்த்தம். உன் அறிக்கையை 'கொய்ட் குட்' என்றார்கள் என்றால் குரலைப் பார், பிரிட்டிஷ்காரரிடம் அது 'பரவாயில்லை' அளவுதான் இருக்கலாம். 'நாட் பேட்' என்றால் சந்தோஷப்படு.

சிம்ஸ் பார்க் வாசி:

எல்லோரும் அவர்கள் பேசுவதைப் புரிந்துகொள்வது எப்படி என்றே பேசுகிறீர்கள். காசு கொடுக்கிறவன் கொஞ்சம் தெளிவாகப் பேசினால் குறைந்தா போவான்? வேறு நாட்டு ஆட்கள் இருக்கிற மீட்டிங்கில் இடியம் தவிர்க்க வேண்டும் என்று அவர்கள் ஊரிலேயே எழுதும் கலை சொல்லித்தருகிறவர்கள் சொல்கிறார்கள். நம் பொண்ணுக்கு மட்டும் ஏன் இந்த வீட்டுப்பாடம்? எங்கள் ஆபீஸில் நான் நேராகச் சொல்லிவிட்டேன், ப்ளெயின் இங்கிலீஷ் ப்ளீஸ் என்று. ஒருவரும் கோபித்துக்கொள்ளவில்லை.

குன்னூர் டு லீட்ஸ்:

நியாயம்தான் அண்ணா, ஆனால் அவர்களுக்கு அது இடியம் என்றே தெரியாது, வாயில் தானாக வருகிறது. நீங்கள் 'தலைக்கு மேல வேலை' என்று சொல்லும்போது யோசித்தா சொல்கிறீர்கள்? நாமும் அவர்களுக்கு இதையே செய்கிறோம். வெளியூரில் இருக்கிறேன் என்பதற்கு 'ஐ ஆம் அவுட் ஆஃப் ஸ்டேஷன்' என்று நான் மெசேஜ் அனுப்பினால் எங்கள் வார்டு சிஸ்டர் எந்த ரயில்வே ஸ்டேஷன் என்று கேட்கிறார். முன்னதாகவே வைத்துக்கொள்ளலாம் என்பதற்கு 'ப்ரிப்போன்' சொன்னால் முழிக்கிறார்கள், ஆவன செய்யுங்கள் என்பதற்கு 'டூ த நீட்ஃபுல்' சொன்னால் அவங்க தாத்தா காலத்து லெட்டர் மாதிரி இருக்கிறதாம்.

வெலிங்டன் பழைய சிப்பாய்:

'அவுட் ஆஃப் ஸ்டேஷன்' அவர்கள் விட்டுவிட்டுப் போனதுதானே. ஈஸ்ட் இந்தியா கம்பெனிக் காலத்தில் அதிகாரிக்குப் போஸ்டிங் போட்ட இடத்துக்கு ஸ்டேஷன் என்று பெயர். ஹில் ஸ்டேஷனில் இருக்கிற ஸ்டேஷனும் அதுதான், ஊட்டிக்கு ரயில் வந்தது 1908-இல், அதற்கு எத்தனையோ வருஷம் முன்பே அது ஹில் ஸ்டேஷன். வெள்ளைக்காரன் மறந்துவிட்டான், நாம் வைத்துக்கொண்டோம்.

'பாஸ் அவுட்' இன்னொன்று. நம் பிள்ளைகள் பயோடேட்டாவில் 'பாஸ்ட் அவுட் இன் 2019' என்று எழுதுகிறார்கள். இங்கிலாந்தில் சிவிலியன் படித்தால் அந்த வருஷம் மயக்கம் போட்டு விழுந்தான் என்றுதான் தோன்றும். ஆனால் ராணுவத்தில் அங்கேயும் பயிற்சி முடித்தால் பாசிங் அவுட் பரேடுதான், வெலிங்டனில் ரெக்ரூட்கள் முடிக்கிற அதே பெயர். பயோடேட்டாவில் 'கிராஜுவேட்டட்' என்று போட்டுவிட்டால் தொந்தரவு இல்லை.

கொடை வாத்தியார்:

சிம்ஸ் பார்க் தம்பி சொல்வதில் பாதி சரி, அவர்களும் இறங்கி வரலாம். ஆனால் முழுவதும் அவர்களை நம்பி உட்கார வேண்டாம்.

மனப்பாடத்துக்குப் பதிலாக ஒரு வழி சொல்கிறேன், பொண்ணு ஏற்கெனவே நோட்டில் குறிக்கிறாள் என்பதால். இடியத்தை மட்டும் குறிக்காதே, அது வந்த முழு வாக்கியத்தையும், சொன்னது யார், என்ன விஷயத்துக்கு என்பதையும் சேர்த்து எழுது. பக்கத்தில் நம் மரபுத்தொடர் ஒன்று அமைந்தால் போடு, அமையவில்லை என்றால் வலிந்து போடாதே. சில அச்சாகப் பொருந்தும். நியூகாசிலுக்கு நிலக்கரி கொண்டுபோவது என்று ஒன்று உண்டு, 'கேரியிங் கோல்ஸ் டு நியூகாசில்'. நிலக்கரி வெட்டிக் கப்பல் கப்பலாக அனுப்பிய ஊருக்கே நிலக்கரி விற்கப் போகிறவன் கதை. நமக்குக் கொல்லன் தெருவில் ஊசி விற்பது, உங்கள் பக்கத்துக்கு ஊட்டி மார்க்கெட்டில் போய்க் கேரட் விற்பது. 'ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்' என்றால் ஆடிக்கொரு தடவை அமாவாசைக்கு ஒரு தடவை. நான் வகுப்பில் குறிஞ்சி என்று சொல்லிக்கொடுப்பேன், எங்கள் மலையில் கடைசியாக 2018-இல் பூத்தது, இனி 2030. பிள்ளைகள் மறந்ததே இல்லை.

எந்த இடியம் எப்படிப் பிறந்தது என்று இணையத்தில் வரும் கதைகளை மட்டும் ரசித்துவிட்டு விட்டுவிடு. பூனை நாய் மழைக்கு, கூரையில் படுத்திருந்த பிராணிகள் மழையில் வழுக்கி விழுந்தன என்று ஒரு கதை சுற்றுகிறது, அது பிற்காலத்தில் யாரோ கட்டிவிட்டது. மீட்டிங்கில் போய் அதைச் சொல்லாதே.

கோத்தகிரிப் பொண்ணு:

எல்லோருக்கும் நன்றி. இன்றைக்கு மீட்டிங் நன்றாகவே போனது. லீட்ஸ் அக்கா சொன்ன மாதிரி முடிவை மட்டும் கேட்டேன், இரண்டு இடத்தில் கைகொடுத்தது, அதில் ஓரிடத்தில் நான் புரிந்துகொண்டதற்கு நேர் எதிராக இருந்தது அவர்கள் சொன்னது. 'நாட் மை கப் ஆஃப் டீ'யும் ஒரு சாப்ட்வேரைப் பற்றிச் சொல்லிவிட்டேன். உடனே ஒருவர் நீ எங்கிருந்து வேலை பார்க்கிறாய் என்று கேட்டு, தேயிலை மலை என்றதும் ஐந்து நிமிஷம் டீ பற்றியே பேச்சு ஓடியது. எங்கள் பச்சை இலைக்கு ஃபாக்டரியில் என்ன விலை கிடைக்கிறது என்று சொன்னதும்தான் கொஞ்சம் அமைதியானார்கள்.

இப்போது மெயிலில் புதிதாக ஒன்று வந்திருக்கிறது. 'கேன் ஐ ஹேவ் த ரிகன்சிலியேஷன் பை க்ளோஸ் ஆஃப் ப்ளே?' என்று. ரிகன்சிலியேஷன் கணக்குச் சரிபார்ப்பு, அது தெரியும், 'க்ளோஸ் ஆஃப் ப்ளே'தான் புரியவில்லை. இதுவும் கிரிக்கெட்டா?

வெலிங்டன் பழைய சிப்பாய்:

கிரிக்கெட்டேதான். டெஸ்ட் மேட்சில் அன்றைய ஆட்டம் முடிகிற நேரம். இன்றைக்கு வேலை நேரம் முடிவதற்குள் அனுப்பு என்கிறார்கள்.

குன்னூர் டு லீட்ஸ்:

அவங்க நேரம் சாயங்காலம் ஐந்தரை என்று வைத்துக்கொள். இப்போது இங்கே கோடைக்கால நேரம், நாலரை மணி வித்தியாசம், உனக்கு ராத்திரி பத்து வரை இருக்கிறது. அக்டோபர் கடைசியில் கடிகாரத்தை மாற்றிவிடுவார்கள், அப்புறம் பதினொன்று. கரெண்ட் போவதற்குள் அனுப்பிவிடு.